வெற்றுக் கிண்ணத்தின் பக்கம்

டார்ட்டு நகரில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே வானம்
கடையைக் கட்டிவிட்டது.
எமாயோகி ஆற்றின் இரு ஓரங்களிலும்
பனிக்கட்டி பல் முளைக்கிறது.

நிலவறை ஆய்வகத்தில்
பகலும் இரவும் ஒரு சுவிட்சின் சொல்படி.
உர்வே
காலணிமேல் நீல உறை மாட்டிக்கொண்டு
திரைமுன் உட்காருகிறாள்,
கைக்கொன்றாய் இரண்டு நிறுத்துக் கடிகாரங்கள்.

பெட்டிக்கு மூன்று அறை.
வலக்கோடியில் கவிழ்த்த கம்பிக் கிண்ணம்,
அதற்குள் முன்பின் தெரியாத ஒரு சுண்டெலி.
இடக்கோடியிலும் அதே கிண்ணம்,
உள்ளே ஒன்றுமில்லை.
நடுவே இறக்கிவிடுகிறார்கள் நாற்பத்தேழை:
மரபணுவில் ஓர் எழுத்தை
அழித்து எழுதிப் பிறப்பித்த உயிர்.

பத்து நிமிடம்.
யார் பக்கம் எத்தனை விநாடி?
கேள்வி அவ்வளவுதான்.

அது போகிறது
சுவரை மீசையால் வாசித்தபடி,
நடுத்தரையை மிதிக்காமல்.
வேற்றாளின் கிண்ணத்தை ஒருதரம் மோந்துவிட்டு,
கடன் கொடுத்தவரைத் தெருவில் கண்டதுபோல்
விறுவிறுவென்று மறுகோடிக்கு.
அங்கே
வெறுமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
முகம் கழுவுகிறது.
கழுவிய முகத்தையே மறுபடி.
மறுபடி.
முந்நூற்று நாற்பத்தொரு விநாடி.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று
நான் எழுதும் மொழியில் ஒரு பழமொழி உண்டு.
உர்வேயின் படிவத்தில்
அதற்குப் பெயர் குறைபாடு.

முந்தாநாள் இதே நாற்பத்தேழைச்
சுழலும் தடியில் ஏற்றினார்கள்.
மரபணு திருத்தாத உடன்பிறப்புகள்
மூன்றாம் நிமிடம் பொத்துப்பொத்தென்று விழ,
இது நடந்துகொண்டே இருந்தது
எந்திரம் தானே நிற்கும்வரை.
"கற்றதை விடத் தெரியாத உடம்பு"
என்றான் தாவெத்.
விழாததும் அறிகுறி என்று குறித்துக்கொண்டார்கள்.
போன மாதம் வேறொரு வம்சம் சீக்கிரம் விழுந்தது.
அதுவும் அறிகுறி.

உர்வே எதுவும் சொல்லவில்லை.
ஞாயிறுதோறும் அவள்
எல்வா காட்டின் பனிச்சறுக்குத் தடத்தில்
அதே பதினோரு கிலோமீட்டரை
அதே திசையில் சுற்றுகிறாள், ஆறு ஆண்டாக.
சென்ற வாரம் தடத்தை மாற்றி வெட்டியிருந்தார்கள்.
வண்டியில் உட்கார்ந்து
கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்,
கழற்றினாள்.
வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

எட்டாம் நிமிடம், பதினாறாம் விநாடி.
படத்தை நிறுத்துகிறாள்.
பின்னால் ஓட்டுகிறாள்.
நாற்பத்தேழின் ஒரு காது,
முகம் கழுவும்போதும்,
வெற்றுக் கிண்ணத்தைக் கொறிக்கும்போதும்,
அந்த ஒரு காது மட்டும்
வலக்கோடிக்குத் திரும்பியே நிற்கிறது.
வேற்றாள் அசைந்தால் அதுவும் அசைகிறது,
நூல் கட்டி இழுத்ததுபோல்.

படிவத்தில் காதுக்குக் கட்டம் இல்லை.
341 என்று எழுதினாள்.
வேறென்ன எழுத?
ஓரத்தில் பென்சிலால்,
அழிக்கக்கூடிய அழுத்தத்தில்:
காது?

பெட்டியைச் சாராயம் தொட்டுத் துடைத்தாள்.
நாற்பத்தேழை அதன் கூண்டில் விட்டபோது
காகிதச் சிராய்க் குவியலுக்குள் மூன்று பேர் தூங்கினார்கள்.
அது புகுந்தது.
பிறகு
எந்த வால் யாருடையது என்று தெரியவில்லை.
இதற்குக் கடிகாரம் ஓடவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் ஐந்து பேர்.
ஆளுக்கு ஆள் இரண்டு ஆள் தூரம்,
யாரும் யாரையும் பார்க்காமல்.
இந்த ஊரில் அது மரியாதை.
கடைசியில் நின்ற தாவெத்
நாய்க்கு வயிறு சரியில்லை என்று
தொலைபேசியில் யாரிடமோ புலம்புகிறான்.
உர்வே அவனுக்கு முதுகைக் காட்டி
கால அட்டவணையைப் படிக்கிறாள்,
மனப்பாடமான அட்டவணை.
பூஜ்யத்துக்கும் கீழே பன்னிரண்டு டிகிரி.
தொப்பியின் ஒரு மடலை மட்டும்
காதுக்கு மேலே தூக்கிவிட்டிருக்கிறாள்.